வயதானவர்கள் வீட்டில் விழாமல் இருக்க: எதை முதலில் மாற்றுவது, எதைப் பிறகு

எழுபதைத் தாண்டிய அப்பாவோ அம்மாவோ ஒருமுறை தடுமாறிவிட்டால், பெரும்பாலான வீடுகளில் அடுத்த நாளே ஒரு கைத்தடி வந்துவிடும். அதன்பின் பாத்ரூமில் ஒரு கைப்பிடி. அதற்கும் பிறகு, "எங்கயும் எழுந்து போகாதீங்க, என்ன வேணும்னாலும் கூப்பிடுங்க" என்ற உத்தரவு. மூன்றும் அன்பால் செய்வதுதான். ஆனால் தடுமாற்றம் ஏன் வந்தது என்று அதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசி உத்தரவோ, காலில் மிச்சமிருக்கும் பலத்தையும் சில மாதங்களில் கரைத்துவிடும்.

கீழே இருக்கும் வரிசைக்குக் காரணம் உண்டு. முதலில் உடலும் மருந்தும், அப்புறம் வீடு, அதன்பின் கால் பலம், கடைசியில் தடி. அவர் கடைசிவரை தன் காலில் நடந்து திரிய வேண்டும் என்பதே இத்தனைக்கும் நோக்கம். அவரை உட்கார வைக்கும் எந்த மாற்றத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை

மேற்கையில் கட்டும் பி.பி. கருவி (மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கை இருக்கும் உயரத்தைப் பொறுத்து அளவு மாறிவிடும்), விநாடி காட்டும் போன், அளவு நாடா, சாக்பீஸ், ஒரு நோட்டு, கைப்பிடி வைத்த ஆடாத நாற்காலி ஒன்று. இவ்வளவு போதும். கடையில் வேறு எதையும் இப்போதே வாங்காதீர்கள்.

இவற்றை விட முக்கியம், அவருடைய சம்மதம். லீவுக்கு வந்த பிள்ளைகள் நான்கு நாளில் கட்டிலைத் திருப்பி, பீரோவை நகர்த்தி, வீட்டையே 'பாதுகாப்பாக' ஆக்கிவிட்டுப் போவதுண்டு. ஆனால் வயதானவர் ராத்திரியில் கண்ணால் மட்டும் நடப்பதில்லை. பீரோ முனை, கட்டில் கால், நிலைக்கதவு என்று கை தொட்டுப் பழகிய தடம் ஒன்று இருக்கிறது. அதைக் கலைத்தால், அதுவரை விழாதவரும் விழுவார். எதை நகர்த்துவதாக இருந்தாலும் அவரைக் கேட்டு, பகலில், ஒவ்வொன்றாக நகர்த்துங்கள்.

1. ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள்

"விழுந்தீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். சொன்னால் நடமாட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. "எங்கயாவது சுவத்தைப் பிடிக்க வேண்டி வந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மை வெளியே வரும்.

தடுமாறிய நேரம், இடம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை மூன்றையும் எழுதுங்கள். எழும்போதா, திரும்பும்போதா, சாப்பிட்ட பிறகா, ராத்திரியிலா? கூடவே ஒரு கேள்வி: தலை சுற்றியதா, கால் மடங்கியதா, எதிலாவது இடறியதா? தலை சுற்றல் என்றால் ரத்த அழுத்தமோ மருந்தோ காதோ காரணமாக இருக்கலாம். கால் மடங்கினால் தசை, மூட்டு. இடறினால் கண், செருப்பு, தரை. மூன்றுக்கும் தீர்வு வேறுவேறு. இந்தக் கேள்வியைக் கேட்காமல் போவதால்தான் பல வீடுகளில் பணம் செலவாகியும் விழுவது நிற்பதில்லை.

சுவரையும் பாருங்கள். அவர் கை ஊன்றும் இடங்களில் சுண்ணாம்பிலோ பெயின்டிலோ அழுக்கு படிந்திருக்கும். கைப்பிடி எங்கே வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

2. வீட்டிலேயே மூன்று சோதனைகள்

முதலாவது, படுத்த பி.பி.யும் நின்ற பி.பி.யும். 5 நிமிடம் படுக்க வைத்து அளவெடுங்கள். எழுந்து நின்றதும் 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை எடுங்கள். பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும். நின்றபோது மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் குறைந்தால், அந்தக் குறிப்போடு டாக்டரைப் பாருங்கள். தலை சுற்றவில்லை என்று அவர் சொன்னாலும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் உட்கார வைத்துத்தான் பி.பி. பார்ப்பார்கள். அதில் இந்த இறக்கம் தெரியாமலே போகும்.

இரண்டாவது, எழுந்து நடக்கும் நேரம். நாற்காலியில் இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வழக்கமான வேகம், வழக்கமான செருப்பு. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். எழும்போது கையை ஊன்றுகிறாரா, திரும்பும் இடத்தில் குட்டிக்குட்டியாக அடி வைக்கிறாரா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு காலின் குதிகாலை மறு காலின் பெருவிரலுக்கு முன்னால் ஒட்டி வைத்து, ஒரே கோட்டில் நிற்பது. சுவரோரமாக நிற்க வையுங்கள். 10 விநாடி நிற்க முடியாவிட்டால், 7-வது படியில் வரும் பயிற்சி அவருக்கு அவசரம்.

இந்த எண்களைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பின்னால் ஒப்பிட இவை வேண்டும்.

3. மருந்துகளைக் கொட்டிப் பாருங்கள்

வீட்டை மாற்றும் முன் இதை ஏன் செய்ய வேண்டும்? விழுவதற்கு மாத்திரை காரணமாக இருந்தால், எத்தனை கைப்பிடி வைத்தாலும் அது நிற்காது.

ஒரு பையில் எல்லாவற்றையும் போடுங்கள். பி.பி. டாக்டர் கொடுத்தது, சுகர் டாக்டர் கொடுத்தது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய கால்வலி மாத்திரை, நாட்டு மருந்து, பழைய சீட்டில் மீந்தது என்று எதுவும் விடுபடக்கூடாது. ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு டாக்டர்கள் எழுதி, அவர் இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பது அபூர்வமான விஷயம் இல்லை. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

குறிப்பாகக் கேட்க வேண்டியவை: தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, தூக்கம் வரவைக்கும் சளி மற்றும் அரிப்பு மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகள், பி.பி. மாத்திரை, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை. வயதாக ஆகச் சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். அறுபது வயதில் ஒத்துக்கொண்ட அதே அளவு எண்பதில் கூடுதலாகிவிடலாம். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவருக்கு பி12 குறைந்து, பாதம் மரத்துப்போவதும் உண்டு. அதைச் சோதிக்கலாமா என்று கேளுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாங்களே நிறுத்துவது. சில பி.பி. மாத்திரைகளையும் தூக்க மாத்திரைகளையும் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. பையோடும் 2-வது படியின் எண்களோடும் ஒரே டாக்டரிடம் போய், "இதில் எதைக் குறைக்கலாம், எதை எந்த நேரத்துக்கு மாற்றலாம்?" என்று கேளுங்கள். நீர் மாத்திரையைச் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றியதுமே ராத்திரி எழும் தடவை குறைந்த வீடுகள் உண்டு.

4. கண்ணும் காதும்

வயதான கண்ணுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் பழகவும் நேரம் பிடிக்கும். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் ஆனதும் பவர் மாறும். பழைய கண்ணாடியையே மாட்டிக்கொண்டு நடமாட விடாதீர்கள்.

மேலே தூரம், கீழே கிட்டம் என்று இரண்டு பார்வைக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாடிப்படி இறங்கும்போது அவர் கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பார். அது படிப்பதற்கான பவர், படிக்கட்டு மங்கலாகத்தான் தெரியும். அடிக்கடி வெளியே போய் வருபவர் என்றால், நடப்பதற்கு மட்டும் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக வாங்கிக் கொடுங்கள்.

காது கேட்கவில்லை என்றால் முதலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பின்னாலிருந்து கத்திக் கூப்பிடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். நடந்துகொண்டே சட்டென்று திரும்பும்போதுதான் பலர் நிலை தடுமாறுகிறார்கள். முன்னால் வந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசினால் போதும்.

5. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை

வீட்டில் ஓர் இடத்தை மட்டும்தான் சரிசெய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ராத்திரி, தூக்கக் கலக்கம், அவசரம், இருட்டு என நான்கும் சேரும் பாதை இது.

கட்டில் உயரம்: விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். பாயில் படுத்துப் பழகியவரைக் கட்டாயமாகக் கட்டிலுக்கு மாற்றாதீர்கள். பிடிப்பில்லாமல் அவரே எழ முடிகிறதென்றால், தினமும் தரையிலிருந்து எழுவது அவருக்கு நல்ல பயிற்சி. முடியாமல் போகும் நாளில் மாற்றலாம்.

வெளிச்சம்: டியூப் லைட்டைப் போட்டால் கண் கூசி, அணைத்ததும் ஒன்றுமே தெரியாது. பாதையின் ஓரத்தில், முழங்காலுக்குக் கீழே, ஆள் நடந்தால் தானே எரியும் சின்ன விளக்குகள் போதும். கரண்ட் போனாலும் எரியும் சார்ஜ் விளக்கு ஒன்று கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தரை: கால்மிதி, ஒயர், குடம், பேரப்பிள்ளைகளின் பொம்மை எதுவும் அந்தப் பாதையில் கூடாது. நிலைப்படியின் விளிம்பில் தரைக்கு எதிர் நிறத்தில் டேப் ஒட்டுங்கள். ஒரே நிற டைல்ஸ் தரையில் ஒரு அங்குல உயர வித்தியாசம் அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தரையில் புரளும் வேட்டியையும் நைட்டியையும் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி மாற்றுங்கள்.

எழும் முறை: விழித்ததும் எழ வேண்டாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒன்றிரண்டு நிமிடம் பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, தலை தெளிவாக இருந்தால் நடக்கலாம். கணுக்கால் தசை அசையும்போது காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறும். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் எழும்போதும் இதே முறைதான். சாப்பாட்டுக்குப் பின் பி.பி. இறங்குவது வயதானவர்களிடம் சகஜம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி எழ வேண்டி வருமே என்று பலர் நாள் முழுக்கத் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். வயதானால் தாக உணர்வும் மங்கும். இரண்டும் சேர்ந்து பி.பி.யை இறக்கி, மயக்கத்தைக் கொண்டுவரும். டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி, இல்லாவிட்டால் பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு குறைத்துக்கொள்ளலாம். காலில் வீக்கம் இருப்பவர் மதியம் சற்று நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால், தேங்கிய நீர் பகலிலேயே பிரிந்துவிடும்.

6. பாத்ரூம்

ஈரம்தான் முதல் எதிரி. குளிக்கும் இடமும் கழிப்பறையும் ஒன்றாக இருந்தால், யார் குளித்தாலும் உடனே வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிடுவதை வீட்டு வழக்கமாக்குங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் தனிக் கவனம் வேண்டும். உட்கார வைத்தே எண்ணெய் தேய்த்து, பாதத்தில் தேய்க்காமல் விட்டு, குளித்து முடித்ததும் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த நாள் வழுக்கி விழுவது பெரும்பாலும் மிச்சமிருக்கும் அந்தப் பிசுக்கில்தான்.

உட்கார்ந்து குளிக்க, கால்களில் ரப்பர் மாட்டிய அகலமான ஸ்டூல் வேண்டும். லேசான பிளாஸ்டிக் ஸ்டூல் ஈரத்தில் நகரும், நாளானால் விரியும். பக்கெட்டை ஒரு திண்டின் மேல் வையுங்கள். குனிந்து மொண்டு நிமிர்வதில்தான் தலை சுற்றுகிறது.

கைப்பிடி மாட்டுவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பிளம்பர் தனக்கு வசதியான இடத்தில் துளை போட்டுவிட்டுப் போய்விடுவார். முதலில் பெரியவரை உட்கார வைத்து எழச் சொல்லுங்கள். கை தானாக எங்கே போகிறதோ அங்கே சாக்பீஸ் குறி போடுங்கள். பொதுவாகத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் வரை வரும். ஆளின் உயரத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். குழாய் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை அங்குலத் தடிமன் இருந்தால் பிடி நிற்கும். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். டைல்ஸில் ஒட்டும் உறிஞ்சுபிடி வகை வேண்டாம். துண்டு போடும் கம்பி கைப்பிடி ஆகாது, குழாயும் ஆகாது. மாட்டி முடித்ததும், வீட்டிலேயே கனமான ஆள் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்த பிறகுதான் அவர் தொட வேண்டும்.

குந்தி உட்காரும் கழிப்பறையாக இருந்து முட்டி ஒத்துழைக்கவில்லை என்றால், முதலில் கமோட் நாற்காலியைப் போட்டுப் பாருங்கள். தரையை உடைப்பது பிறகு. உட்காரும் உயரம், அவர் நின்றால் முட்டிக்குப் பின்புற மடிப்பு வரும் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் எழ முடியாது, உயர்ந்தால் கால் தொங்கும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி இருப்பது நல்லது. உள்ளே விழுந்தவர் உள்பக்கம் திறக்கும் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், நீங்கள் தள்ளவும் முடியாது. தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக மாற்றுங்கள்.

7. பாதமும் பலமும்

செருப்பு என்றால் பின்பக்கம் வார் வைத்தது. மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடக்கும் ஹவாய் செருப்பு இடறவே செய்யும். சர்க்கரை இருந்து பாதம் மரத்திருந்தால் எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற நுண்துளை ரப்பர் வைத்தது) வாங்குங்கள், வீட்டுக்குள்ளும் போடச் சொல்லுங்கள். தினமும் பாதத்தை யாராவது பார்க்க வேண்டும். மரத்த பாதத்தில் புண் இருப்பது அவருக்கே தெரியாது.

இப்போது பலம். இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மற்ற எல்லாவற்றையும்விட நீண்ட நாள் காப்பது இதுதான். நடைப்பயிற்சி மட்டும் போதாது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

மூன்று பயிற்சிகள் போதும். ஒன்று, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்கட்டும். தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குவதில்தான் தொடை பலப்படும். கை ஊன்றாமல் முடியாதவர் ஊன்றியே தொடங்கலாம். இரண்டு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. மூன்று, சுவரோரமாகக் குதிகாலும் விரலும் தொடும்படி ஒரே கோட்டில் நடப்பது. எண்ணிக்கையை அவர் உடம்பு சொல்லட்டும். நெஞ்சு வலி, மூச்சு முட்டல், தலை சுற்றல் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பயிற்சி செய்தும் தசை ஏறவில்லை என்றால் தட்டைப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. பல முதியவர்களின் சாப்பாடு இதுதான், இதில் புரதம் மிகக் குறைவு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம். முட்டை, மீன், பால், தயிர், சுண்டல், கெட்டியான பருப்பு இவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

தனியாகச் செய்யத் தயங்குபவருக்குத் தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் வசதி இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

8. கைத்தடி

இதற்கு முந்தைய படிகள் முடிந்த பிறகும் தள்ளாட்டம் இருந்தால் தடி. தெருக்கடையில் ஒரே அளவில் வாங்கி வருவது தவறு. செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் மடிப்புக்குத் தடியின் மேல்முனை வர வேண்டும். அதிக உயரம் தோளைத் தூக்கும், குறைந்தால் முதுகு கூனும்.

எந்தக் கையில் பிடிப்பது என்பதில் பலருக்கும் குழப்பம். வலி இருக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் இடது கை. வலிக்கும் காலும் தடியும் ஒன்றாக முன்னே போகும்போது உடல் எடை இரண்டுக்கும் பிரியும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள்.

9. விழுந்துவிட்டால்

இதை நல்ல நாளிலேயே பேசி, பழகி வைக்க வேண்டும். விழுந்தவரை அக்குளில் கை கொடுத்து உடனே தூக்காதீர்கள். முதலில் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு, அவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவராகவும் இருந்தால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். உள்ளே கசிவது தாமதமாகத்தான் தெரியும்.

அடி ஒன்றும் இல்லை என்றால் அவரே எழும் முறை: பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, கையும் முட்டியுமாகத் தவழ்ந்து நாற்காலிக்குப் போய், அதன்மேல் இரு கையையும் வைத்து, பலமுள்ள காலை முன்னால் ஊன்றி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். நீங்கள் நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தால் போதும். மெத்தை விரித்து, கூடவே இருந்து, முன்னதாக ஒருமுறை செய்து பார்க்க வையுங்கள். எழத் தெரியும் என்ற தெம்பு வந்தாலே நடையில் இருக்கும் பயம் குறையும்.

தனியாக இருப்பவர் போனைக் கழுத்திலோ இடுப்புப் பையிலோ வைத்திருக்கட்டும். மேசையில் இருக்கும் போன் தரையில் கிடப்பவருக்கு எட்டாது. நம்பிக்கையான பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். முதியோருக்கான 14567 உதவி எண்ணையும் அவர் போனில் பதிந்து வையுங்கள்.

10. மறுபடியும் அளந்து பாருங்கள்

2-வது படியின் மூன்று சோதனைகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். இடையில் புது மாத்திரை தொடங்கினாலோ, அளவு மாறினாலோ, ஆஸ்பத்திரியில் படுத்து வந்தாலோ தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். சில நாள் படுக்கையில் கிடந்தாலே தொடை பலம் இறங்கிவிடும். வீடு திரும்பிய முதல் ராத்திரி கழிப்பறைக்கு அவரோடு கூட நடங்கள். பயிற்சியை, எத்தனை முறை முடிகிறதோ அத்தனையிலிருந்து, மறுநாளே தொடங்குங்கள்.